கோரமண்டலில் விற்பது ஒரே வகைப் பீர்தான்

"தங்கவயல்காரனுக்குப் பீரைப் பற்றி என்ன தெரியும்? ஸ்ட்ராங் இருக்கிறதா என்று மட்டும் கேட்பான்." பெங்களூரில் நன்கு கற்றவர்களே இவ்வாறு எள்ளி நகையாடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சுவையறிவு சம்பளத்தோடு சேர்ந்து வருவது என்னும் நம்பிக்கை அதனுள் ஒளிந்திருக்கிறது. அதை மறுக்கவே இப்பதிவு.

கோரமண்டலிலோ மாரிக்குப்பத்திலோ மதுக்கடைக்குச் செல்பவர் முன் "லைட்", "ஸ்ட்ராங்" என இரண்டு தேர்வுகள் வைக்கப்படுகின்றன. அவை இரு வகைகள் அல்ல. இரண்டுமே லாகர். ஒரே வகையின் இரு செறிவுகளை வைத்துவிட்டு, வகை அறியாதவன் என்று வாங்குபவனைப் பழிப்பது எந்த ஊர் நியாயம்?

பீரின் முதற்பிரிவு ஈஸ்டைப் பொறுத்தது. வெதுவெதுப்பில் விரைந்து நொதித்து மேலே நுரைத்தெழும் ஈஸ்ட் தருவது ஏல். அதில் பழமணம் தங்கும். குளிரில் மெல்ல நொதித்து அடியில் படியும் ஈஸ்ட் தருவது லாகர். அதை வாரக்கணக்கில் குளிரில் முதிரவிடுவர். போர்ட்டர், ஸ்டவுட், ஜெர்மானியக் கோதுமை பீர் ஆகியன முன்னதைச் சேர்ந்தவை. 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் பிறந்த பில்ஸ்னர் பின்னதைச் சேர்ந்தது. நம் கடைகளை நிரப்பியிருப்பவை பெரும்பாலும் அந்தப் பில்ஸ்னரின் தூரத்து உறவுகளே. அரிசியோ மக்காச்சோளமோ கலந்து மெலிவிக்கப்பட்டவை. "ஸ்ட்ராங்" என்பது, 5 விழுக்காட்டுக்கு மேல் 8 வரை ஆல்ககால் கொண்டது என்று உணவுப் பாதுகாப்பு விதி கிழித்த கோடு. சட்டத்தின் கோட்டைச் சுவையின் கோடாக எண்ணுவது ஆய்வறிவுக்கு அழகன்று.

செறிவு மிகுந்தது மட்டமானது என்னும் வாதமும் நில்லாது. மூனிக்கின் துறவிகள் வளர்த்த டாப்பல்பாக்கும் 7 விழுக்காட்டைத் தாண்டும் லாகர்தான். அதன் வலிமை முழுக்க மால்ட்டிலிருந்து வருவதால் ரொட்டியின் கருகல் மணமும் கனமும் கூடவே வருகின்றன. இங்கோ வலிமையைக் கூட்டச் சர்க்கரையை நாடுவது மலிவான வழி. குறை எங்கே இருக்கிறது, குடிப்பவரிடமா, காய்ச்சுபவரிடமா?

உழைப்பாளிக்குச் சுவை தெரியாது என்போர் வகைகளின் பெயர்களையாவது படித்திருக்கலாம். போர்ட்டர் என்ற பெயரே 18ஆம் நூற்றாண்டு லண்டனின் சுமைகூலிகளிடமிருந்து வந்தது. செறிவு குறைந்த மைல்ட், இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் தென்வேல்ஸிலும் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மேலேறி வந்தவர்களின் தாகம் தணித்தது. டார்ட்மண்டின் எக்ஸ்போர்ட், ரூர் பகுதிச் சுரங்கத்தாருக்கும் எஃகாலையாருக்கும் உரியது. 1880 முதல் இங்கே தங்கம் தோண்டிய ஜான் டெய்லர் நிறுவனத்தில் கார்ன்வால் சுரங்கத்தாரும் இருந்தனர். அவர்களோடு மூன்று கிலோமீட்டருக்கும் கீழான வெம்மைக்குள் இறங்கியவர்கள் நம் பாட்டன்மார். அங்கே சுரங்கத்தானின் தாகம் ஒரு வகையை வளர்த்தது. இங்கே அது ஏளனத்துக்கு உரியதாயிற்று.

தமிழருக்குப் பீர் வெள்ளையர் தந்தது என்றும் சிலர் சொல்வர். பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பார்க்கட்டும். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய பிழாவில் ஆறவிட்டு, முளையடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டுச் சாடியில் முற்றவைத்து, விரலால் அலைத்துப் பிழியும் முறை அதில் விரிவாகவே உள்ளது. முளைத்த தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க, அது நொதித்து மதுவாவதே பீரின் இலக்கணம். பனங்கள் அவ்விலக்கணத்துள் அடங்காது, இது அடங்கும்.

இவ்வளவும் பெருமை பேசுவதற்காக அன்று. "பீர்தானே, உடம்புக்குக் குளிர்ச்சி" என்னும் சொல் நம் லைன் வீடுகளில் இன்றும் உலவுகிறது. அது உயிருக்கு உலை வைக்கும் சொல். 650 மில்லிலிட்டர் ஸ்ட்ராங் புட்டியில் 8 விழுக்காடு என்றால் 52 மில்லிலிட்டர் தூய ஆல்ககால். 42.8 விழுக்காட்டு விஸ்கியில் 60 மில்லிலிட்டர், அதாவது ஒரு லார்ஜ், கொண்டிருப்பது ஏறத்தாழ 26. ஆக, ஒரு புட்டி ஸ்ட்ராங் இரண்டு லார்ஜுக்குச் சமம். விடியலில் பெங்களூருக்கு ரயிலேறி இரவில் திரும்பும் இளைஞன், சிறிதளவே கூடுதலான விலைக்குக் கூடுதல் போதை கிடைப்பதைத் தேர்கிறான் என்றால், அது கணக்கு, அறியாமை அன்று. ஆனால் அந்தக் கணக்கின் மறுபாதியை அவனுக்கு யாரும் சொல்வதில்லை. புட்டியின் மேல் "8 விழுக்காட்டுக்கு மிகாமல்" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. மிகாமல் என்றால் எவ்வளவு? 6 ஆகவும் இருக்கலாம், 7.9 ஆகவும் இருக்கலாம். உள்ளிருக்கும் துல்லியமான அளவையும், வலிமை மால்ட்டால் வந்ததா சர்க்கரையால் வந்ததா என்பதையும் கோரமண்டலில் படிக்கக்கூடிய தமிழிலும் கன்னடத்திலும் அச்சிடச் சொல்லுங்கள். சுவையறிவைப் பற்றி அதன்பிறகு பேசிக்கொள்வோம்.