வீட்டு நிலையமும் வானொலிப் போட்டியும்

விளையாட்டு என்றவுடன் கால்பந்தும் கிரிக்கெட்டும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும், வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்தபடியே உலகத்தாரோடு போட்டியிடும் விளையாட்டொன்றும் உண்டு. அஃது அமெச்சூர் ரேடியோப் போட்டியாம். கைப்பேசியில் நொடிப்பொழுதிற் கண்டம் கடந்து பேசக்கூடிய இக்காலத்தில், இரைச்சலுக்கிடையே எவரோ ஒருவருடைய அழைப்புக் குறியைக் கேட்டு எழுதிக்கொள்வதால் யாது பயன் என்று சிலர் வினவுகின்றனர். பயன் உண்டென்பதும், அது மாணவர்க்கே மிகுதி என்பதும் என் துணிபு.

1948-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சி. க்யூ. உலகளாவிய போட்டி’யை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியில் பேச்சு முறையிலும், நவம்பர் இறுதியில் மோர்ஸ் முறையிலும், 48 மணி நேரம் இது நடைபெறுகிறது. உலகம் 40 மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. இந்தியாவும் இலங்கையும் 22-ஆம் மண்டலத்தின்பாற் பட்டவை. ஆசியாவில் உள்ளவர் பிற கண்டத்தாரோடு தொடர்புகொண்டால் 3 புள்ளிகள். ஆசியாவின் வேறு நாட்டாரோடாயின் 1. தம் நாட்டாரோடாயின் புள்ளி இல்லை. இப்புள்ளிகளின் தொகையை, ஒவ்வோர் அலைவரிசையிலும் எட்டிய நாடுகள், மண்டலங்கள் இவற்றின் தொகையாற் பெருக்குவர். ஆதலின் ஒரே திசையை நோக்கி ஓயாது கூவுவோனைக் காட்டிலும், அரிய நாடொன்றிற்காகப் பொறுமையுடன் செவிசாய்ப்போன் முந்துதலும் கூடும்.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுமென்பது முழு உண்மையன்று. 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குரிய அரையலைக் கம்பி ஏறக்குறைய 10 மீட்டர் நீளமே. இரு தென்னைகளுக்கிடையே அதனைக் கட்டிவிடலாம். 100 வாட்டுக்கு மேற்படாத திறனுடையோர்க்கும், 5 வாட்டுக்கு மேற்படாதோர்க்கும் தனித்தனிப் பிரிவுகள் உள. உயர்ந்த கோபுரமும் பெரிய ஆண்டெனாவும் உடையாரை நெருக்கமான தெருவில் வாழ்வோர் வெல்லுதல் அரிது என்பது மெய்யே. ஆனால் அவர், தாம் சென்ற ஆண்டு பெற்ற புள்ளிகளை இவ்வாண்டு கடக்க முயலலாமன்றோ? அம்முயற்சியில் அயனமண்டலத்தின் இயல்பு தானே விளங்கும். பகலில் 21, 28 மெகாஹெர்ட்ஸும் இரவில் 7 மெகாஹெர்ட்ஸும் தொலைநாடுகளைத் தருவது ஏன்? ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கொருமுறை சூரியப் புள்ளிகள் மிகும்போது 28 மெகாஹெர்ட்ஸ் உயிர்பெறுவது எங்ஙனம்? இவற்றை ஏட்டிற் படித்தவன் மறப்பினும், செவியாற் கேட்டவன் மறவான்.

சிற்றலைகளின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியதில் இத்தகைய ஆர்வலர்க்குப் பெரும்பங்கு உண்டு. 1912-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், பயனற்றவையென்று அக்காலத்திற் கருதப்பட்ட 200 மீட்டருக்குக் குறைந்த அலைகளையே அவர்க்கு ஒதுக்கிற்று. அவ்வாறு தள்ளப்பட்ட அலைகளிலேதான், 1923 நவம்பரில், பிரான்சிலிருந்து லியோன் டெலாயும் அமெரிக்காவிலிருந்து பிரெட் ஷ்னெலும் அட்லாண்டிக்கைக் கடந்து இருவழியும் உரையாடினர்.

இனி, அறிவினும் பெரிதாகிய ஒன்றைக் கூறுவேன். வீட்டு நிலையத்தில் நடுவர் இல்லை. எத்தனை வாட் திறனைச் செலுத்தினோம் என்பதைப் பெரும்பாலும் நம் மனச்சாட்சியே அறியும். போட்டி முடிந்தபின் எல்லாருடைய குறிப்பேடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடுவர். பிழையாக எழுதிய குறிக்குப் புள்ளி பறிபோவதுடன் தண்டமும் உண்டு. விரைவும் உண்மையும் ஒருங்கே வேண்டப்படும் இப்பயிற்சி, எத்தொழில் செய்வார்க்கும் நற்பயன் தருவதே.

அப்பயிற்சி ஆபத்திலும் உதவும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, ரேடியோ ஆர்வலர் குழுவொன்று அந்தமானில் தங்கியிருந்தது. பிற தொடர்புகள் அறுந்த வேளையில் அவர்கள் செய்திகளைப் பரிமாறி உதவினர். இரைச்சலிடையே பெயரையும் எண்ணையும் பிழையின்றி வாங்கும் திறமை ஆபத்து நேர்ந்த அன்றே வந்துவிடாது. பலநாட் பழக்கத்தாலேயே வரும். போட்டி அப்பழக்கத்தை விளையாட்டாகவே அளிக்கின்றது.

ஆகவே மாணவ நண்பர்கள் அரசாங்கத் தேர்வெழுதி உரிமம் பெற முன்வருவாராக. பழைய மாணவருள் இத்துறை வல்லார், தம் வீட்டு நிலையங்களில் போட்டி நாளன்று இளைஞர் ஓரிருவரை அருகிருத்திக் கேட்கச் செய்வாராக. கல்லூரியும் பௌதிகசாலைக்கருகே ஒரு சிறு நிலையம் அமைக்குமாயின், அதற்காகும் பொருள் வீண்செலவாகாது.