பெயர் அறியாமல் மாளும் பிள்ளைகள்

பிள்ளையை முத்தமிட்ட தாயின் உதட்டில் உப்புக் கரிக்கின்றது. வியர்வை உலர்ந்த நெற்றியில் வெண்ணிறமாய் உப்புப் படிகின்றது. எவ்வளவு ஊட்டினாலும் உடல் தேறுவதில்லை. மலம் எண்ணெய்ப் பசையோடு துர்நாற்றம் வீசுகின்றது. இருமலோ மாதக் கணக்கில் நீங்குவதில்லை. நியூமோனியா என்பார் ஒரு வைத்தியர். சயரோகம் என்பார் வேறொருவர். போசாக்கின்மை என்று எழுதி அனுப்புவார் இன்னொருவர். சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பெயர் எவர் வாயிலும் வருவதில்லை.

இது வெள்ளையரின் நோய் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டமையே இதற்குக் காரணம். நியூயோர்க்கில் டாக்டர் டொரதி அண்டர்சன் 1938 இல் இந்நோயை விவரித்தார். அதே நகரில் 1948 இல் வீசிய கடும் வெப்பத்தில் இந்நோயுற்ற பிள்ளைகள் சோர்ந்து விழக் கண்டு, அவர்தம் வியர்வையில் உப்பு மிகுதி என்பதை டாக்டர் டி சான்ட் அக்னேசே ஆராய்ந்து 1953 இல் வெளியிட்டார். வெயில் காட்டிக்கொடுத்த நோய் வெயில் நாடுகளில் இல்லையென்று நம்பியது விந்தையினும் விந்தை அன்றோ!

இந்தியாவில் நடந்ததை நோக்குவோம். டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகமும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் தேடத் தொடங்கியபின் நோயாளர் அகப்பட்டனர். வியர்வைச் சோதனைக்கு வேண்டிய கருவியை டெல்லி வைத்தியர்கள் உள்நாட்டிலேயே செய்வித்துக்கொண்டனர். முன்கையில் பைலோகார்பின் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் செலுத்தி, சுரக்கும் வியர்வையைச் சேர்த்து, குளோரைட்டை அளப்பதே அச்சோதனை. லீற்றருக்கு 60 மில்லிமோலும் அதற்கு மேலும் இருப்பின் நோய் என்று கொள்வர். இம்முறை 1959 முதல் உலகறிந்தது. மேலைநாட்டாரிடம் மிகுந்து காணப்படும் மரபணுப் பிறழ்வு இந்திய நோயாளரிடம் அத்துணை மிகுதியாக இல்லை. ஆகவே ஐரோப்பியருக்கென அமைந்த மரபணுச் சோதனை ‘இல்லை’ என்று சொன்னாலும் வியர்வை பொய் சொல்லாது.

தாயும் தந்தையும் தாம் அறியாமலே சுமக்கும் பிறழ்வு இது. அத்தகைய இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவுத் திருமணத்தில் இவ்வாய்ப்பு கூடும் என்பதை மறைத்தலாகாது. ஆயினும் மருமகளின் இராசியைப் பழிக்கும் மாமியார், தம் மகனும் அதில் சரிபாதி பங்காளி என்பதை உணரல் வேண்டும்.

அடிப்படைச் சிகிச்சை எளிய குடும்பத்துக்கு எட்டாததன்று. வெயிற்காலத்தில் வைத்தியர் சொன்ன அளவில் மேலதிக உப்பு. உணவோடு கணையநொதி மாத்திரை. கொழுப்புச் சத்து மிகுந்த உணவு. ஏ, டி, ஈ, கே விற்றமின்கள். நாள்தோறும் சளியை வெளியேற்றும் மார்புப் பயிற்சி. காலந்தாழ்த்தாத நுண்ணுயிர்க்கொல்லி மருந்து. உப்பிழந்த குழந்தை பேதி ஏதுமின்றியே வாடிச் சாகக்கூடும் என்பதைக் கிராமத்து மருத்துவமாது முதற்கொண்டு அனைவரும் அறிந்திருத்தல் அவசியம்.

இனி விலையுயர்ந்த மருந்துக்கு வருவோம். நோயின் மூலத்தையே திருத்தும் ட்ரைகாப்டா 2019 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அதன் ஓராண்டு விலை 311,000 டொலர். எல்லாப் பிறழ்வுகளுக்கும் அது பயன்படாது. பயன்படும் பிள்ளைக்கு அது மறுபிறவி. அதனை ஆண்டுக்கு 6,000 டொலருக்கும் குறைவான செலவில் உற்பத்தி செய்யலாம் என 2022 இல் ஆய்வாளர் கணக்கிட்டனர். இடைவெளி முழுவதும் ஆராய்ச்சிச் செலவு என்று வாதாடுவோர் வாதாடட்டும். ஆண்டுக்கு 311,000 டொலர் ஏழை நாட்டுத் தந்தை எவனாலும் கட்டக்கூடிய தொகையன்று. ஆர்ஜென்டீனாவில் உள்நாட்டு நிறுவனம் ஒன்று அதே மருந்தைச் செய்கின்றது. தென்னாபிரிக்காவில் கட்டாய உரிமம் கோரி 2023 இல் வழக்குத் தொடரப்பட்டது. இந்தியா 2012 இல் ஒரு புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கியபோது, மாதம் ஏறத்தாழ 280,000 ரூபாவாயிருந்த விலை 8,800 ரூபாவாயிற்று.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், பொதுநலன் வேண்டுமிடத்துக் காப்புரிமையாளரின் இசைவின்றியே ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்த வழி வைத்திருக்கின்றது. அவ்வழியைத் திறக்குமாறு கேட்பவர் முதலில் நோயாளரின் கணக்கைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். ஆகவே எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் சுகாதார அமைச்சரிடம் எழுப்பவேண்டிய கேள்விகள் இரண்டு: வியர்வைச் சோதனை எந்தெந்த அரசினர் வைத்தியசாலைகளில் நடைபெறுகின்றது? கணையநொதி மாத்திரை எத்தனை பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கின்றது? பதில் எழுத்தில் வரட்டும்.