நீக்கமும் குறைப்பும்

உட்துறைமுக வீதியருகே அச்சகம் நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர், அச்சேறவிருந்த துண்டுப் பிரசுரமொன்றைப் பிழை பார்த்துத் தருமாறு அண்மையிற் கொணர்ந்தார். அழகுச் சிகிச்சை நிலையமொன்றின் விளம்பரம் அது. 'கத்தியின்றிக் கொழுப்பு நீக்கம், தோல் இறுக்கம்' என்பது தலைப்பு. எழுத்துப் பிழை ஒன்றேனும் இல்லை. ஆயினும் என் பேனா 'நீக்கம்' என்ற சொல்லிலே நின்றுவிட்டது.

ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கற்பொருள் உண்டென்று ஆண்டுதோறும் வகுப்பிலே சொல்லி வருகிறேன். ஒன்று நீங்கிற்றென்றால், நின்ற இடத்தில் அஃது இல்லை என்பதே பொருள். மருத்துவ நூலோர் சொல்வதோ வேறு. குளிரினாற் கொழுப்புக் கலங்களைச் சிதைக்கும் முறையில், சிகிச்சை செய்த அவ்விடத்துக் கொழுப்புப் படையில் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதமே குறைகின்றது. அதுவும் இரண்டு மூன்று மாதங்களில், மெல்ல மெல்ல. நான்கில் ஒரு பங்கு போவதற்குத் தமிழிலே குறைப்பு என்று பெயர். (கொழுப்பு என்பதற்குச் செருக்கு என்றும் நம்மவர் பொருள் கொள்வர். அதனைக் குறைக்கும் கருவி இன்னும் வந்திலது.)

அக்குறைப்பும் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. உலகப் புகழ்பெற்ற அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா, இச்சிகிச்சைக்குப் பின் தம் உடலிற் கொழுப்புக் குறையாது பெருகித் தடித்துவிட்டதென 2021 இல் வெளிப்படையாகச் சொல்லி வழக்கும் தொடுத்தார். அடுத்த ஆண்டு அது சமாதானமாயிற்று. அரிதாக நேரும் விளைவுதான்; எனினும் மருத்துவ நூல்களிற் பெயர் பெற்றுவிட்ட விளைவு.

குழாய் செலுத்தி உறிஞ்சியெடுக்கும் சத்திரசிகிச்சையிற் போவது மிகுதி, ஆபத்தும் மிகுதி. 2022 மே மாதம் பெங்களூரில், 21 வயதேயான கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ், அத்தகைய சிகிச்சைக்குச் சென்ற அன்றே உயிர்நீத்தார். இனி, இதனை உடல்நலத்துக்கு மருந்தென்று எண்ணுவாரும் உளர். அமெரிக்காவில் உடல் பருத்த 15 பெண்களிடமிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோ கொழுப்பை உறிஞ்சியெடுத்துப் பார்த்தனர். வாரங்கள் பத்துப் பன்னிரண்டு சென்ற பின்னும் அவர்தம் இரத்த அழுத்தமோ இன்சுலினின் செயற்பாடோ திருந்தவில்லை என்று 2004 இல் எழுதினர். குழாய் எட்டுவது தோலின் கீழுள்ள கொழுப்பையே. குடலைச் சூழ்ந்து கிடப்பதனை அது தீண்டுவதில்லை.

'நீக்கம்' என்பதை அடித்துக் 'குறைப்பு' என்றெழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மாணவர் சிரித்தார். "ஐயா, எழுத்துப் பிழை மட்டும் பாருங்கோ. அவையள் சொன்னதைத்தானே நான் அடிக்கோணும்?" என்றார். அவர் பிழைப்பு அது, நான் வற்புறுத்தவில்லை.

அங்கே கணினியில் எழுத்துக் கோக்கும் பெண் இவ்வுரையாடலைக் கேட்டிருந்தாள் போலும். இரண்டு பிள்ளைகளின் தாய். அந்நிலையத்துக்குச் செல்லவென்றே சீட்டுக் கட்டி வருகிறாளாம். "ஐயா, வயித்துத் தோல் பழையபடி வருமா?" என்று கேட்டாள்.

எனக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. பின், அறிந்தவற்றைச் சொன்னேன். வெப்பத்தாலும் ஒலியலையாலும் தோலின் உட்படையிலுள்ள கொலாஜன் நார் சுருங்கும். புதிய நாரும் மாதக்கணக்கிற் சிறிது சிறிதாக வளரும். சிறு தளர்ச்சிக்கு அது உதவலாம். மடிந்து தொங்கும் தோலுக்கு உதவாது. அதற்குக் கத்தி வேண்டும். கத்தி பட்டால் தழும்பும் இருக்கும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவற்றையும் சொன்னேன். சிகிச்சை செய்பவர் இலங்கை மருத்துவ சபையிற் பதிவு பெற்ற வைத்தியரா? எந்த இடத்தில், எவ்வளவு குறையும்? எத்தனை தடவை வரவேண்டும்? பிழைத்துப்போனால் யார் பார்ப்பார்?

அவள் நான் திருத்திய தாளையே புரட்டி, அதன் பின்புறத்தில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.