டேப்பும் பத்து ரூபாய் ஸ்டாம்ப்பும்

 

ஆண்டு மலருக்கு முன்னாள் மாணவர்களிடம் கட்டுரை கேட்டு வாங்குவது நம் மாணவர் பேரவையின் வழக்கம். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், சொந்தமாகத் தொழில் நடத்துபவர்கள் எழுதுவார்கள். இந்த முறை ஒரு பென்ஷன்காரனைப் பிடித்திருக்கிறார்கள். 1977-ல் இதே வளாகத்தில் சிவில் டிப்ளமோ முடித்து, பொறியியல் துறை ஒன்றில் ஓவர்சீயராகச் சேர்ந்து, 2014-ல் 58 வயதில் ஓய்வு பெற்றவன் நான். இப்போது என் தொழில் என்ன என்று எங்கள் தெருவில் விசாரித்தால், "அவரா? மனு எழுதுவார்" என்பார்கள். "வேலைவெட்டி இல்லாத கிழம்" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே உண்மைதான்! ஆனால் ஊர் விவகாரத்தை வேலைவெட்டி இல்லாத கிழங்களிடம் மட்டும் விட்டுவிடலாமா? அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

மூணு படி ஒரு படியான கதை

நான் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். இன்று ஒரே படி. வீடு இறங்கவில்லை, தெரு ஏறியிருக்கிறது! பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொரு ரோடு. ஐப்பசி மழைக்குத் தெருத் தண்ணீர் நேராகக் கூடத்துக்கு வருகிறது. பக்கத்து வீட்டு அம்மா அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவைத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பார். இது எங்கள் தெருக்கதை மட்டுமல்ல. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே எழுத்து மூலம் அறிவுறுத்த வேண்டிவந்தது என்றால், நோய் எவ்வளவு பரவியிருக்க வேண்டும்!

அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு மறுபடி ரோடு வந்தது. வேலை தொடங்கும் முன் நான் செய்தது ஒன்றே ஒன்று. காம்பவுண்டு சுவரில் ரோட்டு மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் பெயிண்ட்டால் ஒரு கோடு. அப்படியே ஆறு இடங்களில் கோடு போட்டு, போட்டோவும் எடுத்து வைத்தேன். வேலை முடிந்ததும் டேப் பிடித்தேன். 40 மில்லிமீட்டர் சுரண்டி, 40 மில்லிமீட்டர் போட்டிருந்தால் அந்த ஒரு மீட்டர் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் ஆறு இடத்திலும் ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. சுரண்டவே இல்லை என்று அர்த்தம்.

உடனே போய்ச் சண்டை போட்டேனா? இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எஸ்டிமேட் நகலும் எம்-புக் நகலும் கேட்டேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி வாங்கினேன். 120 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம், ஆக 420 சதுர மீட்டர் சுரண்டி எடுத்ததாக அளவு பதிந்து, கையெழுத்தும் ஆகியிருந்தது!

அந்த நகலையும் என் ஆறு அளவுகளையும் இணைத்து மனு போட்டேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். பகுதி சபைக் கூட்டத்திலும் எழுந்து படித்தேன். பலன்? பக்கத்துத் தெருவில் வேலை நடந்தபோது இயந்திரம் வந்து சுரண்டிவிட்டுத்தான் தார் ஊற்றினார்கள். எங்கள் தெருப் பணம் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. மேல்முறையீடு நடக்கிறது. பாதி வெற்றிதான். ஆனால் அந்தத் தெருவில் நாற்பது வீட்டு வாசல்கள் மழைக்குத் தப்பின. அது போதாதா?

கணக்கை உரக்கப் படித்தவர்கள்

இந்தப் பத்து ரூபாய் மனு சும்மா வந்த உரிமை அல்ல. தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டம் வந்தது. மாநிலங்களில் அதுதான் முதல். ஆனால் விலக்குகள் ஏராளம், பயன் குறைவு. இன்று நம் கையில் இருக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வேர் ராஜஸ்தான் கிராமங்களில் இருக்கிறது. 1990-ல் அங்கே தொடங்கிய 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்ற அமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும்தான். நிவாரண வேலையில் கூலி குறைகிறதே என்று கேட்கப் போனார்கள். "நீங்கள் வேலை செய்யவில்லை என்று ரெக்கார்டு சொல்கிறது" என்றார்கள். "அப்படியானால் ரெக்கார்டைக் காட்டுங்கள்" என்றார்கள் இவர்கள். 1994 டிசம்பரில் முதல் மக்கள் விசாரணை நடந்தது. மஸ்டர் ரோலையும் பில்லையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பேரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பில் என்று வண்டி வண்டியாக வெளியே வந்தது. 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்த கூட்டம் அது. பில்லில் உள்ள பொய்யைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பட்டம் தேவைப்படவில்லை. ரெக்கார்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது. எஸ்டிமேட் போடவே படிக்கிற நீங்கள் எங்கே இருக்க வேண்டும், சொல்லுங்கள்!

சாக்கடைதான் அரசியல்

"அரசியல் ஒரு சாக்கடை சார், நமக்கு எதுக்கு?" என்று என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. நான் சொல்வேன்: "தம்பி, அரசியல் சாக்கடை இல்லை. சாக்கடைதான் அரசியல்." எந்தத் தெருவுக்கு வடிகால் முதலில், எந்தத் தெருவுக்குக் கடைசியில், எந்தத் தெருவுக்கு எப்போதுமே இல்லை என்று முடிவு செய்வது அரசியல் இல்லாமல் வேறென்ன? அந்தக் கடைசித் தெரு எப்போதும் யாருடைய தெருவாக இருக்கிறது என்று பார்த்தால், நம் ஊரின் சாதிக் கணக்கும் புரியும்.

உள்ளாட்சிக்கு உயிர் கொடுத்த 73, 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தன. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் என்று அதில் இருக்கிறது. நடந்தது என்ன? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. ஊராட்சிகளுக்கு 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் தேர்தல். நகராட்சி, மாநகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருந்தோம். ஐந்து வருடத்துக்கு மேல் நகரங்களில் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர்தான் எல்லாம். சட்டமன்றத் தேர்தலை இப்படி ஐந்து வருடம் தள்ளி வைத்தால் ஊர் சும்மா இருக்குமா? கவுன்சிலர் இல்லாதது நம்மில் பலருக்கு உறைக்கவே இல்லை. டீக்கடையில் டில்லியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகிறோம். நம் வார்டு பட்ஜெட் எவ்வளவு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

கட்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்சியில் சேருங்கள், கொடி பிடியுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டுவதோடு உங்களை நிறுத்திவிடப் பார்ப்பார்கள். "பேனருக்கு ஆச்சு, நம்ம தெரு தண்ணிக்கு என்னண்ணே?" என்று தலைவரிடமே கேட்கிற தொண்டனாக இருங்கள்.

எங்கள் வயசுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

கிழவர்கள் எல்லாம் நல்லவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரிட்டயர் ஆனவர்கள் கூடி நலச்சங்கம் வைக்கிறோம். முதல் தீர்மானம் என்ன தெரியுமா? தெருமுனையில் கீரை விற்கிற அம்மாவை அப்புறப்படுத்த வேண்டும்! காலையில் அவரிடமே கீரை வாங்கிவிட்டு, மாலையில் அவருக்கு எதிராகக் கையெழுத்து. தெரு வியாபாரிகளின் பிழைப்பைப் பாதுகாக்க 2014-ல் சட்டமே வந்திருக்கிறது. அதைச் சொன்னால், "நீங்க யார் பக்கம் சார்?" என்கிறார்கள். தன் வீட்டு வாசலை மட்டும் பார்த்துப் போடுகிற மனுவுக்குப் பொதுச்சேவை என்று பெயர் வைக்கக் கூடாது.

அதைவிடப் பெரிது ஒன்று. பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டால், "ஐநூறு ரூபாய் கொடுத்து ஆளை இறக்குங்க" என்று படித்தவர்களே கூசாமல் சொல்கிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. சாக்கடைச் சாவுக்கு உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். எங்கள் தெருவில் ஒரு முறை ஆளை அழைத்து வந்துவிட்டார்கள். நான் நாற்காலியைத் தூக்கிப்போய் மேன்ஹோல் மூடி மேல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மதியம் மூன்று மணிக்கு உறிஞ்சும் லாரி வந்தது. அதுவரை தெருவில் பலர் என்னைத் திட்டினார்கள். திட்டட்டுமே! நாற்றம் அரை நாளில் போய்விடும். போன உயிர் வருமா?

நீங்கள் என்ன செய்யலாம்?

சிவில் படிக்கிறவர்கள், தெருவில் எந்த வேலை நடந்தாலும் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் அளந்து எழுதுங்கள். வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி கேட்டு வாங்கவும் 2005 சட்டத்தில் இடம் இருக்கிறது. நீங்கள் லேபில் உடைத்துப் பார்க்கிற காங்கிரீட் கியூப் உங்கள் ஊர் வடிகாலுக்கும் பொருந்தும். எலெக்ட்ரிகல் படிக்கிறவர்கள், மழைக்காலத்துக்கு முன் தெருவிளக்குக் கம்பங்களைப் பாருங்கள். திறந்து கிடக்கிற ஜங்ஷன் பாக்ஸ்களைக் கம்பம் எண்ணோடு எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்கல் படிக்கிறவர்களுக்கு ஊர்த் தண்ணீர்த் தொட்டி மோட்டார் இருக்கிறது. கம்ப்யூட்டர் படிக்கிறவர்கள், ஆன்லைனில் மனு போடத் தெரியாத பெரியவர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

மனு எழுதும்போது "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், நழுவிவிடுவார்கள். "இந்தத் தேதியில் நடந்த இந்த வேலையின் எம்-புக் நகல் தரவும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எந்த ஆபீஸையும் விட்டு வராதீர்கள்.

கிராமத்துப் பிள்ளைகள் கிராம சபைக்குப் போங்கள். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள். தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகரத்துப் பிள்ளைகளுக்குப் பகுதி சபை உண்டு. 18 வயது ஆனவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தாயிற்றா? நான் படித்த காலத்தில் 21 ஆக வேண்டும். 1989-ல்தான் 18 ஆயிற்று. உங்களுக்கு மூன்று வருடம் முன்கூட்டியே கிடைத்த உரிமையைத் தூங்கவிடாதீர்கள்.

என்னைப் போன்றவர்களிடம் நேரம் இருக்கிறது. முட்டியில் தெம்பு இல்லை. உங்களிடம் தெம்பும் இருக்கிறது, புதிதாகப் படித்த படிப்பும் இருக்கிறது. வேலை தேடுகிற கவலை உங்களுக்கு உண்டு என்று தெரியும். வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணி நேரம் போதும். நாளை உங்களில் பலர் எம்-புக்கில் கையெழுத்துப் போடுகிற நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். வெளியே ஒருவன் டேப்போடு நிற்கிறான் என்ற நினைப்பு உங்கள் பேனாவுக்கும் நல்லது!

டேப் வாங்க இருநூறு ரூபாய். ஸ்டாம்ப் பத்து ரூபாய். அளக்கக் கற்றுக்கொடுத்தது இந்தக் கல்லூரி. மீதி உங்கள் கையில்.

அன்புடன்,
ஒரு முன்னாள் மாணவன்
(சிவில், 1974–77)