வாங்குவதே மூடத்தானா? 'கில்லர் அக்விசிஷன்' என்றால் என்ன?

பெரிய மருந்து கம்பெனி சின்ன கம்பெனியை வாங்கினால் புது மருந்து சீக்கிரம் வரும்னுதானே நினைப்போம்? எப்போதும் அப்படி இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. முடித்த காலீன் கன்னிங்ஹாம், சாங் மா ஆகியோர் ஃப்ளோரியன் எடரருடன் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மருந்துத்துறையில் அவர்கள் ஆராய்ந்த கையகப்படுத்தல்களில் 5.3 முதல் 7.4 சதவீதம், வரப்போகும் போட்டியை முடக்கவே நடந்தவை.

ஏன் தடுக்கவில்லை? குறிப்பிட்ட தொகைக்குக் கீழான டீல்களை அரசிடம் முன்கூட்டியே தெரிவிக்கத் தேவையில்லை. இத்தகைய டீல்கள் அந்த வரம்புக்குச் சற்றுக் கீழேயே அதிகம்.

பாதிப்பு யாருக்கு? குழந்தைகளின் வலிப்புக்குத் தரப்படும் ஆக்தார் மருந்து 2001-ல் 40 டாலர். பிறகு 34,000 டாலரைத் தாண்டியது. போட்டி மருந்தின் அமெரிக்க உரிமையை 2013-ல் வாங்கி முடக்கியதாக எழுந்த வழக்கு, 2017-ல் 10 கோடி டாலரில் சமரசமானது.

டீல் சின்னதுதான். பில் கட்டுவது நோயாளி.