பெல்ட் கத்தினால் பெல்ட்டா குற்றவாளி?

விடியற்காலை அஞ்சரைக்கு எங்கள் தெருவில் சேவல் கூவாது. அதற்கு முன்னாடியே எங்கள் அம்பாசிடர் கூவிவிடும். சாவியைத் திருப்ப வேண்டியதுதான்... 'கீ...ச்!' எதிர்வீட்டு மாமா படுக்கையிலிருந்தே, "தம்பி ட்யூட்டிக்குக் கிளம்பிட்டாப்ல. அடுப்பை மூட்டு" என்று மாமிக்குக் குரல் கொடுப்பார்.

1988 மாடல், மார்க் 4. அப்பா வாங்கியது. உத்தரபாரா ஃபேக்டரியில் அம்பாசிடர் தயாரிப்பதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் ஓட்டுவதை இன்னும் நிறுத்தவில்லை. "வித்துத் தொலைங்களேன்" என்பாள் மனைவி. அப்பா காதில் விழுந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

கீச்சென்று சத்தம் வந்தால் எல்லோரும் என்ன செய்வோம்? ஃபேன் பெல்ட்டை மாற்றுவோம். மாற்றினேன். பத்தே நாளில் பழைய குருடி, கதவைத் திறடி!

அப்புறம் ஆளுக்கொரு யோசனை. ரைஸ் மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர், "குங்கிலியத்தைப் பொடி பண்ணித் தூவு தம்பி. மில் பட்டைக்கு நாங்க அதான் போடுவோம்" என்றார். மில் பட்டை தட்டையாக இருக்கும், பரப்பால் பிடிக்கும். கார் பெல்ட் இரண்டு பக்கவாட்டால் புல்லியின் பள்ளத்தில் பிடிப்பது. இதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரியும்? குங்கிலியம் வாங்கச் சோம்பல்பட்டு, தேங்காயெண்ணெய் விட்டேன். சத்தம் 'கப்'பென்று நின்றது. ரெண்டு நாளில் பெல்ட் வழுக்கி, பேட்டரி சார்ஜ் ஏறாமல், காரைத் தள்ள வைத்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் கெட்டுவிடுமாம். மறுபடி புது பெல்ட். இந்தத் தடவை நழுவவே கூடாதென்று நானே ஸ்பானர் எடுத்து, ஆல்டர்னேட்டரை நெம்பி, இழுத்து முறுக்கினேன்.

தை மாசம். தியாகராஜ ஆராதனைக்கு அப்பா, அம்மாவுடன் திருவையாறு கிளம்பினோம். அங்கே பஞ்சரத்னம், வழிநெடுக எங்கள் கார் தனி ஆவர்த்தனம். சம்பா அறுவடை சமயம். ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தவர்கள், நான் ஹாரன் அடிக்காமலேயே திரும்பிப் பார்த்து வழிவிட்டார்கள். குடமுருட்டிப் பாலத்தில் அப்பா சொன்னார்: "இது பெல்ட் சத்தம் இல்லடா." அப்பா சொல்லி நான் எதைக் கேட்டேன், இதைக் கேட்க?

மறுவாரம் கீழவாசல் பக்கம் பழைய மெக்கானிக் பாய் ஒருத்தரிடம் போனேன். "மொதல்ல அந்தத் துண்டைக் கழட்டி வெச்சிட்டு வாங்க. ஃபேன் இழுத்துச்சுன்னா கழுத்தோட போயிடும்" என்றார். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டிலில் இருந்து பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். அவ்வளவுதான் பரிசோதனை!

தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் லூஸ், வழுக்குகிறது. சத்தம் அடங்கி, காய்ந்ததும் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை. இரண்டும் இல்லாமல் கத்தியபடியே இருந்தால் பெரும்பாலும் பெல்ட் நிரபராதி, ஏதோ ஒரு பேரிங். எங்கள் கார் கத்தியபடியே இருந்தது. ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். ஆல்டர்னேட்டருக்குப் பளு கூடி, லூஸ் பெல்ட்டாக இருந்தால் அலறுமாம். அலறவில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் உள்ளே போக வேண்டும். அசையவேயில்லை.

"தஞ்சாவூர் வீணைக்குத் தந்தி கட்டின மாதிரில்ல இருக்கு! யாரு முறுக்குனது?"

"ஏதோ... ஒர்க் ஷாப்புல..." என்று வானத்தைப் பார்த்தேன்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஞ்சினை அரை நிமிஷம் ஓட்டினார். நிசப்தம்! "அப்ப பெல்ட்டுதானே பாய்?" என்றேன் வெற்றிப் புன்னகையோடு.

"பெல்ட்டைக் கழட்டுனா அது சுத்துற சாமானும்தான் நின்னுடும் தம்பி."

எஞ்சின் முழுசாக நின்றதும் ஃபேனை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். கடக், கடக். வாட்டர் பம்ப்பின் அடியில் சின்னத் துவாரம், அதிலிருந்து துருக்கோடு. பேரிங் ஏற்கெனவே தேய ஆரம்பித்திருக்கிறது. மிச்சத்தை என் முறுக்கு முடித்து வைத்திருக்கிறது. அம்பாசிடரில் ஃபேன் அந்தப் பம்ப்பின் அச்சிலேயே மாட்டியிருப்பது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஃபேன் போய் ரேடியேட்டரைக் கிழிச்சிருக்கும்" என்றார் சாதாரணமாக.

முன் சீட்டில் அப்பா, பின்னால் அம்மா, அஞ்சு ஆற்றுப் பாலங்கள், இருட்டில் திரும்பி வந்தது... எனக்கு டீ இறங்கவில்லை.

புது பம்ப் போட்டார். பெல்ட் அதேதான். வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவேயில்லை. "குடமுருட்டியிலயே சொன்னேன்" என்றார்.

மறுநாள் காலை அஞ்சரைக்குச் சத்தமே இல்லாமல் கிளம்பினேன். சாயங்காலம் எதிர்வீட்டு மாமா வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, இன்னிக்கு லீவா? எங்க வீட்டுல எழுந்திருக்கவே எட்டு மணியாயிடுச்சு!"