ரேஸ் எனக்குப் பிடிக்கும், அதனாலதான் வரமாட்டேன்



போன மாத சுவர் இதழில் கிரிக்கெட்டைப் பற்றி மூன்று கட்டுரை வந்தது. கார் ரேஸைப் பற்றி ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தத் தாள். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்னு தமிழ் மிஸ் சொல்வாங்க. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படிங்க. கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கு.

வகுப்பில் எனக்கு "ரேஸ்"னே பேர் வச்சுட்டாங்க. அதனால்தானோ என்னவோ, இரண்டு வாரத்துக்கு முன்னாடி நம்ம பள்ளி நண்பர்கள் சிலர் (பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க) என்னைத் தனியா கூப்பிட்டு, "சனிக்கிழமை ராத்திரி ஈ.சி.ஆர்.ல பைக் ரேஸ் இருக்குடா, நீதான் பெரிய ரசிகனாச்சே, வா"ன்னாங்க. வரமாட்டேன்னேன். "பயந்தாங்கொள்ளி"ன்னு ஒரு பட்டம் கொடுத்தாங்க. அந்தப் பட்டத்துக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எனக்குப் பிடிச்ச ரேஸ் எதுன்னு சொல்லிடறேன். ஃபார்முலா ஒன் இல்லை. அது ராக்கெட்டுக்குச் சக்கரம் வச்ச மாதிரி ஒரு வண்டி. எனக்குப் பிடிச்சது, தினமும் ரோட்டில் பார்க்கிற கார் மாதிரியே இருக்கிற கார்கள் ஓடுகிற ரேஸ். அமெரிக்காவில் அதுக்கு ஸ்டாக் கார் ரேஸ்னு பேர். கடையில் விற்கிறபடியே இருக்கிற வண்டின்னு அர்த்தம். 1948-ல் அங்கே நாஸ்கார் அமைப்பு ஆரம்பிச்ச காலத்தில் நிஜமாவே கடை வண்டிதான் ஓடுச்சு. இப்போ வெளித்தோற்றம் மட்டும்தான் அப்படி. உள்ளே முழுக்க ரேஸ் வண்டி. நம்ம ஊரில் இதே மாதிரி ரேஸை சலூன் கார், டூரிங் கார்னு சொல்றாங்க. (சலூன்னா முடி வெட்டுற கடை இல்லை!)

சென்னைக்கும் இந்த ரேஸுக்கும் பழைய உறவு. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சோழவரத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் 1950-களிலிருந்தே பந்தயம் நடந்திருக்கு. தாத்தா மயிலாப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவாராம். ஃபியட்டும் ஹெரால்டும் போட்டி போட்டதை இன்னும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தனி ட்ராக் வந்தது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்போட ட்ராக் அது.

போன வருஷம் எங்க தெரு மெக்கானிக் அண்ணன் என்னை அங்கே அழைச்சுட்டுப் போனார். அங்கே ஒரு ஹோண்டா சிட்டியை உள்ளே எட்டிப் பார்த்தேன். பின் சீட் இல்லை, ஏ.சி. இல்லை, தரை விரிப்புகூட இல்லை. அதுக்குப் பதிலா, வண்டி உருண்டாலும் கூரை நசுங்காதபடி இரும்புக் குழாயில் ஒரு கூண்டு வெல்டிங் பண்ணியிருந்தாங்க. தோள், இடுப்பு, தொடை எல்லாத்தையும் இறுக்கிக் கட்டற பெல்ட். கைக்கு எட்டற இடத்தில் தீயணைப்பு சிலிண்டர். நம்ம வீட்டுக் கார் இரும்புச் சட்டை போட்டு நின்ன மாதிரி இருந்தது.

ரேஸ் ஆரம்பிச்சதும் 29சி பஸ்ஸுக்குப் பின்னாடி ஷேர் ஆட்டோ ஒட்டிக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு போச்சு. அது சும்மா இல்லை. முன் வண்டி காற்றைக் கிழிச்சுக்கிட்டுப் போகும். பின்னாடி ஒட்டிப் போறவருக்குக் காற்றின் தடை குறையும். வேகத்தைச் சேர்த்து வச்சு, நேர்ப்பாதை முடியற இடத்தில் வெளியே வந்து முந்துவார். ஆனால் மஞ்சள் கொடி தெரிஞ்சா ஒருத்தரும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடின்னா ரேஸே நிறுத்தம். இத்தனை வேகத்தில் போறவங்க ஒரு துணிக்குக் கட்டுப்படறாங்களேன்னு எனக்கு ஆச்சரியம்.

நம்ம ஆள் ஒருத்தர் நாஸ்காரிலேயே ஓட்டியிருக்கார், தெரியுமா? கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். அவரே 2010-ல் அமெரிக்கா போய் நாஸ்காரின் ட்ரக் பந்தயத்தில் ஓட்டினார். ட்ரக்குன்னா நம்ம மணல் லாரி இல்லை, பிக்கப் வண்டி. மார்ட்டின்ஸ்வில் என்ற ஊரில் முதல் பந்தயத்திலேயே 13-வதாக வந்தார். அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு, அந்தப் பிரிவில் மிகவும் பிடித்த டிரைவராவும் அவரைத் தேர்ந்தெடுத்தாங்க. இதுக்கெல்லாம் நம்ம ஊரில் ஒரு கட் அவுட்கூட வைக்கலை என்பது என் வருத்தம்.

இப்போ இன்னொரு ரேஸுக்கு வர்றேன். 2025 பிப்ரவரியில் நடந்த டேடோனா 500. கடைசிச் சுற்றில் ஒன்பதாவதாக இருந்தவர் வில்லியம் பைரன். முன்னாடி போனவங்க ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதிச் சிதற, அவர் சந்து கண்டுபிடிச்சுப் புகுந்து ஜெயிச்சுட்டார். 2024-லும் ஜெயிச்சவர் அவர்தான். அவர் முதலில் ரேஸ் பழகினது கம்ப்யூட்டரில் என்பது நமக்கெல்லாம் நல்ல செய்தி. ஆனாலும் அப்படி ஒரு முடிவு எனக்குப் பிடிக்கலை. முன்னாடி போனவங்களை முந்தி ஜெயிச்சாத்தான் எனக்குத் திருப்தி.

ஆனால் அதே ரேஸில் நான் மறக்காத விஷயம் வேற. முடியறதுக்குச் சில சுற்றுகளுக்கு முன்னாடி ரயன் ப்ரீஸ் என்பவரோட கார் மூக்கைத் தூக்கிக் காற்றில் பறந்து, கவிழ்ந்து விழுந்தது. நான் கண்ணை மூடிக்கிட்டேன். திறந்து பார்த்தா, மனுஷன் தானா இறங்கி நடந்து போறார்!

இது அதிர்ஷ்டம் இல்லை. இதுக்கு ஒரு கதை இருக்கு. 2000-ஆம் ஆண்டில் மட்டும் நாஸ்கார் டிரைவர்கள் மூன்று பேர் மோதிச் செத்தாங்க. அதில் ஒருத்தர் ஆடம் பெட்டி, வயசு 19. நம்மைவிட இரண்டு மூன்று வயசுதான் பெரியவர். அப்பவும் பெரிய மாற்றம் வரலை. 2001 பிப்ரவரி 18-ல் டேடோனாவில், கடைசிச் சுற்றில், ஏழு தடவை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். பார்க்கிறதுக்குப் பெரிய மோதல் மாதிரியே இல்லையாம். தலையை எதுவும் பிடிக்கலை. மண்டை ஓட்டின் அடிப்பக்கம் உடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் முழிச்சுக்கிட்டாங்க. ஹெல்மெட்டைத் தோளோடு சேர்த்துப் பிடிக்கிற பட்டையை அதே வருஷம் கட்டாயமாக்கினாங்க. மறு வருஷத்திலிருந்து, மோதினால் அதிர்ச்சியை வாங்கிக்கிற மாதிரி இரும்பும் நுரையும் வச்ச சுவரைக் கட்ட ஆரம்பிச்சாங்க. எர்ன்ஹார்டுக்கு அப்புறம் நாஸ்காரின் மூன்று தேசிய வரிசைகளிலும் பந்தயத்தில் ஒரு டிரைவர்கூடச் சாகலை.

நம்ம ட்ராக்கில் சாவே இல்லைன்னு நான் பொய் சொல்லமாட்டேன். 2023 ஜனவரி 8-ல் இருங்காட்டுக்கோட்டையில் சலூன் கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ.குமார் இறந்தார். அவருக்கு வயசு 59. அதே வருஷம் ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் 13 வயசுப் பையன் ஒருத்தன் இறந்தான். அந்த வயசில் அவனை ஓட்ட விட்டது சரியான்னு எனக்கு இன்னும் கேள்வி இருக்கு. டாக்டரும் ஆம்புலன்ஸும் கொடி பிடிக்கிறவங்களும் இருக்கிற இடத்திலேயே இந்த நிலைமை. இதெல்லாம் ஒண்ணுமே இல்லாத ஈ.சி.ஆர்.ல என்ன ஆகும்?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ராத்திரி ரேஸ் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப் போச்சு. டிக்கெட் விலையைக் கேட்டு அப்பா சிரிச்சுட்டார். அதனால் நாங்க ரயிலில் சேப்பாக்கம் போய் இறங்கி, தடுப்புக்கு வெளியே நின்னு சத்தத்தை மட்டும் கேட்டுட்டு சுண்டல் தின்னுட்டு வந்தோம். அண்ணா சாலையையும் நேப்பியர் பாலத்தையும் ரேஸுக்காக மூடறதா, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கேன்னு பெரியவங்க சண்டை போட்டாங்க. அது நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு ஒரு விஷயம் பிடிச்சது. முதல் நாள் மழை. பாதை சரியா இருக்குன்னு எஃப்.ஐ.ஏ. என்ற உலக அமைப்பின் சான்றிதழ் வரத் தாமதம் ஆச்சு. அது இல்லாம நடத்தக் கூடாதுன்னு உயர் நீதிமன்றமும் சொல்லியிருந்தது. அத்தனை கோடி செலவு, அத்தனை கூட்டம், மந்திரி எல்லாம் இருந்தும் ஒரு காகிதம் வர்ற வரைக்கும் வண்டிகள் காத்திருந்தது. அன்னிக்கு எல்லாரும் திட்டினாங்க. எனக்கு அதுதான் ரேஸ்னு தோணுச்சு.

இப்போ கொஞ்சம் சொந்தக் கதை. என் பெரியம்மா பையன், எனக்கு அண்ணன். ரேஸ் பைத்தியத்தை எனக்கு ஒட்ட வச்சவனே அவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி பெசன்ட் நகரில் நண்பனோட பந்தயம் கட்டி ஓட்டினான். எதிரே ஒருத்தர் சைக்கிளில் டீ கேனோட வந்தார். அவரை இடிக்காம இருக்க அண்ணன் வண்டியைத் திருப்பி நடைமேடையில் மோதினான். கொடி காட்ட ஆள் இல்லை, ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம். கூட வந்த நண்பன் பயத்தில் ஓடிட்டான். கடைசியில் அந்த டீக்காரர்தான் அண்ணன் தலையை மடியில் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். இன்னிக்கு அண்ணன் காலில் கம்பி இருக்கு. மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கறான். டி.வி.யில் ரேஸ் வந்தா எழுந்து வேற ரூமுக்குப் போயிடறான்.

அந்த டீக்காரர் எந்தப் பந்தயத்திலும் பேர் கொடுக்கலை. ட்ராக்கில் மோதுறவங்க எல்லாரும் தெரிஞ்சு வந்தவங்க. ரோட்டில் அப்படி இல்லை. என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்ன நண்பர்கள் இதை மட்டும் யோசிக்கணும்.

சட்டமும் சொல்லிடறேன். 18 வயசு ஆகாதவன் ஓட்டி மாட்டினா, 2019-ல் திருத்தின சட்டப்படி அப்பாவுக்கோ வண்டி சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. ஓட்டினவனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. ரேஸ் டிரைவர் ஆகணும்னு ஆசைப்படறவன் அதுக்குள்ளே தாத்தா ஆயிடுவான்!

இப்போ உங்க வேலை. நான் அந்தச் சனிக்கிழமை வரமாட்டேன். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் அடுத்த ரேஸ் நடக்கும்போது நிச்சயம் போவேன். மெக்கானிக் அண்ணன் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார். பி.டி. சாரிடம் கேட்டேன், பத்துப் பேர் சேர்ந்தால் யோசிக்கலாம்னார். இந்தத் தாளுக்குக் கீழே பத்து கோடு போட்டிருக்கேன், பென்சிலும் நூலில் கட்டித் தொங்குது. வர்றவங்க பெயர் எழுதுங்க. முதல் கோட்டில் என் பெயரை எழுதிட்டேன். இரண்டாவது கோட்டை என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்ன நண்பனுக்காகக் காலியா விட்டிருக்கேன். வேற யாரும் அதில் எழுத வேண்டாம்.

பிழை இருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
"ரேஸ்",
பதினோராம் வகுப்பு, ஆ பிரிவு.